குண்டின் எடைக்கு ஏற்ற முறுக்கு: ரைஃபிள் குழலைத் தேர்ந்தெடுக்கும் முறை

கடலூரிலும் புதுச்சேரியிலும் துப்பாக்கிச் சுடுதல் பயிலும் இளைஞர்களில் பலர் முதன்முதலில் ரைஃபிளைக் கையில் எடுத்தது என்.சி.சி. முகாமில்தான். அங்கே கொடுக்கப்படுவது .22 ரைஃபிள், அதற்கான தோட்டாவும் அங்கேயே தரப்படும். எந்தக் குழலுக்கு எந்தக் குண்டு என்று யோசிக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு வருவதில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சங்கத்தில் சேர்ந்து, உரிமம் பெற்று, சொந்தமாக ஒரு ரைஃபிள் வாங்கப் போகும்போதுதான் குழலின் மேல் பொறித்திருக்கும் 1:10, 1:12 போன்ற எண்கள் கண்ணில் படுகின்றன. அப்போது என்னிடம் வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இத்தனை கிரெயின் குண்டுக்கு எந்த ட்விஸ்ட் சரியாக இருக்கும்?”

அந்தக் கேள்விக்கு விடை சொல்லுமுன் கேள்வியையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. குழலின் முறுக்கைத் தீர்மானிப்பது குண்டின் எடை அன்று, அதன் நீளம். ஒரே விட்டம் உள்ள குண்டுகளில் எடை கூடினால் நீளமும் கூடும் என்பதால் எடையை ஓர் அடையாளமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். பெரும்பாலான நேரங்களில் அந்தப் பழக்கத்தால் கேடு இல்லை. ஆனால் அது கைவிடுகிற இடங்கள் உண்டு. பணம் வீணாவது அங்கேதான். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் நீளத்தையே முன்னிறுத்திப் பேசுகிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு விளக்கம். பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு, ரவை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். இங்கே தோட்டா என்றால் பித்தளைக் கூடு, மருந்து, பற்றவைப்பான், குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்றால் குழலை விட்டு வெளியேறிப் பறக்கும் பகுதி மட்டும். கிரெயின் என்பது எடை அளவு. ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். முறுக்கு என்பது ட்விஸ்ட்.

முறுக்கு எண் சொல்வது என்ன?

ரைஃபிள் குழலின் உட்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். லேத் பட்டறையில் மரை வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மரை நெருக்கமாக ஓடும், குழலின் புரியோ மிக நீளமாகச் சாய்ந்து ஓடும் என்பதுதான் வேறுபாடு. 1:10 என்றால் குண்டு 10 அங்குலம் முன்னேறும்போது ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்று பொருள். ஆகவே எண் சிறிதானால் முறுக்கு அதிகம். 1:7 வேகமான முறுக்கு, 1:14 மெதுவான முறுக்கு. புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். ஐரோப்பியக் குழல்களில் இதே அளவு மில்லிமீட்டரில் இருக்கும், 25.4 ஆல் வகுத்தால் அங்குலம் கிடைக்கும். 250 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 1:10, 200 மில்லிமீட்டர் என்பது 1:8-ஐ விடச் சற்று வேகமானது.

குழல் நீளமாக இருந்தால் குண்டு அதிகமாகச் சுழலும் என்று சிலர் நினைக்கிறார்கள். 20 அங்குலக் குழலில் 1:10 முறுக்கு இருந்தால் குழலுக்குள் குண்டு இரண்டு சுற்றுதான் சுற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பயன் ஒன்றும் இல்லை. குழல் வாயை விட்டு வெளியேறும் கணத்தில் என்ன வேகத்தில் சுழல்கிறது என்பதே முக்கியம். அதை முடிவு செய்பவை வெளியேறும் வேகமும் முறுக்கும் மட்டுமே. விநாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தை 720 ஆல் பெருக்கி, முறுக்கின் அங்குலத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். 1:16 முறுக்குள்ள .22 ரைஃபிளில் 1050 அடி வேகத்தில் புறப்படும் குண்டு நிமிடத்துக்கு 47,250 சுற்று சுற்றுகிறது. 1:7 முறுக்குள்ள .223 குழலிலிருந்து 3200 அடி வேகத்தில் புறப்படுவது மூன்று லட்சத்து இருபத்தொன்பதாயிரத்தைத் தாண்டுகிறது. குழல் நீண்டால் வேகம் கொஞ்சம் கூடும்; அந்த அளவுக்குத்தான் சுழற்சியும் கூடும்.

நீளத்துக்கும் சுழற்சிக்கும் என்ன உறவு?

பறக்கும் குண்டின் மேல் காற்றின் அழுத்தம் அதன் மூக்குப் பக்கமாக, எடை மையத்துக்கு முன்னால் செயல்படுகிறது. அந்த அழுத்தம் குண்டைப் பின்புறமாகப் புரட்டிவிடப் பார்க்கிறது. குண்டு நீளமானால் அழுத்தம் செயல்படும் புள்ளிக்கும் எடை மையத்துக்கும் உள்ள இடைவெளி கூடி, கடப்பாரையின் கைப்பிடி நீண்டது போலப் புரட்டும் வலிமையும் கூடுகிறது. அதை எதிர்த்து நிற்கக் குண்டுக்கு இருக்கும் ஒரே துணை சுழற்சி. சாட்டையை இழுத்து விட்ட பம்பரம் வேகமாகச் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்பதும், வேகம் குறைந்ததும் தலையாட்டத் தொடங்குவதும் நாம் எல்லோரும் தெருவில் பார்த்ததுதான். உயரமான, ஒல்லியான பம்பரத்தை நிறுத்த அதிக வேகம் வேண்டும். குட்டையான, அகன்ற பம்பரத்துக்குக் குறைவு போதும். குண்டும் அப்படியே.

எடையை மட்டும் பார்த்தால் எங்கே தவறும் என்பதற்கு அமெரிக்கப் படைத் துப்பாக்கியின் வரலாறே நல்ல எடுத்துக்காட்டு. 5.56 மில்லிமீட்டர் ரைஃபிளில் தொடக்கத்தில் 1:14 முறுக்குதான் இருந்தது. குண்டின் எடை 55 கிரெயின். கடுங்குளிரில் சோதித்தபோது குண்டு நிலைகுலைந்ததால் 1963-இல் 1:12 ஆக மாற்றினார்கள். பின்னர் 62 கிரெயின் குண்டு வந்தது. எடையில் கூடியது 7 கிரெயின்தான், அதாவது அரை கிராமுக்கும் குறைவு; முறுக்கோ 12-லிருந்து 7-க்குப் போய்விட்டது. புதிய குண்டின் முனையில் ஈயத்துக்குப் பதிலாக எஃகு இருந்ததால் அது எடைக்கு மிஞ்சிய நீளம் கொண்டிருந்தது. அதோடு சேர்த்துச் சுட வேண்டிய ஒளிக்குண்டு (போகும் வழி தெரிய எரிந்துகொண்டே பறப்பது) அதைவிடவும் நீளம். எடையை மட்டும் பார்த்து முறுக்கைத் தேடியவருக்கு இந்த மாற்றம் விளங்கவே விளங்காது.

முழுவதும் செம்பால் ஆன குண்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பின் அடர்த்தி 8.96. ஆகவே அதே விட்டத்தில் அதே எடை வர வேண்டுமானால் செம்புக் குண்டு நீண்டிருந்தே ஆக வேண்டும். ஈயக் குண்டுக்குப் போதுமான குழல் அதே எடையுள்ள செம்புக் குண்டுக்குப் போதாமல் போகலாம். பின்புறம் படகு போலக் குறுகும் குண்டும், நீண்டு கூர்ந்த மூக்குள்ள குண்டும், தட்டையான அடியுள்ள குண்டை விட அதே எடையில் நீளமானவை.

முதலில் தோட்டாவை முடிவு செய்யுங்கள்

குழலை வாங்கிவிட்டு அதற்கு ஒத்துவரும் தோட்டாவைத் தேடுவது நம் ஊர் நிலைமைக்கு ஒத்து வராது. வெளிநாட்டில் ஒருவர் பத்து வகைக் குண்டுகளை வாங்கிவந்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பார். நமக்கோ உரிமத்தில் எழுதப்பட்ட எண்ணிக்கைக்குள், உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ சங்கத்தின் வழியாகவோ கிடைப்பதைத்தான் சுட முடியும். ஆகவே ஆண்டு முழுவதும் தடையின்றிக் கிடைக்கக்கூடிய தோட்டா எது, அதில் இருக்கும் குண்டின் எடையும் நீளமும் என்ன என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வகை கிடைக்குமானால் அவற்றுள் மிக நீளமான குண்டுக்கு ஏற்பவே முறுக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீளமான குண்டை நிலைநிறுத்தும் குழல் குட்டையான குண்டையும் நிலைநிறுத்தும், மாறாக நடக்காது.

நீளத்தை உற்பத்தியாளரின் அளவுப் பட்டியலிலிருந்து எடுப்பதே சரி. தனியாகக் குண்டு கையில் இருந்தால் வெர்னியர் காலிப்பரால் அளக்கலாம். ஆனால் அளப்பதற்காக முழுத் தோட்டாவைப் பிரிக்கவே கூடாது. தோட்டாவின் மொத்த நீளத்தைக் குண்டின் நீளம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்களும் உண்டு. பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் குண்டின் எடை மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுபவர்கள் இந்தக் கவலையை விட்டுவிடலாம். இடுப்பு ஒடுங்கிய பெல்லட்டின் பாவாடை போன்ற பின்பகுதியே காற்றில் இழுபட்டு அதை நேராக வைத்திருக்க உதவுகிறது. போட்டி ரைஃபிள்களின் முறுக்கும் தொழிற்சாலையிலேயே அதற்கென அமைக்கப்பட்டது.

கணக்கு

இரண்டு வழிகள் இருக்கின்றன. பழையது, இங்கிலாந்தின் வூலிச்சில் பணியாற்றிய கணித அறிஞர் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் தந்தது. பீரங்கிக் குண்டுகளுக்காக எழுந்த அந்தக் கணக்கு இன்றும் மனக்கணக்காகப் போடக்கூடிய அளவுக்கு எளிது: குண்டின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 150 ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில். வருகிற விடைதான் முறுக்கின் அங்குலம். விநாடிக்கு 2800 அடிக்கு மேல் வேகம் இருந்தால் 150-க்குப் பதில் 180 என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

நமக்கு நன்கு பழக்கமான .22 ரைஃபிளை வைத்துப் பார்ப்போம். குண்டின் விட்டம் 0.224 அங்குலம், 40 கிரெயின் ஈயக் குண்டின் நீளம் ஏறத்தாழ 0.46 அங்குலம். 0.224-இன் வர்க்கம் 0.0502, அதை 150 ஆல் பெருக்கினால் 7.53, 0.46 ஆல் வகுத்தால் 16.4. உலகம் முழுவதும் .22 குழல்கள் 1:16 என்று வெட்டப்படுவதன் காரணம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. அதே .22 தோட்டாவில் 60 கிரெயின் நீளக் குண்டு வைத்தும் சில நாடுகளில் விற்கிறார்கள். அதை 1:16 குழலில் சுட்டால் தாளில் குண்டு பக்கவாட்டில் விழுந்த அடையாளம் தெரியும். அதற்கு 1:9 போன்ற குழல் வேண்டும்.

ஒலியின் வேகத்தை விட மிக வேகமாகப் போகும் குண்டுகளுக்கு டான் மில்லர் தந்த கணக்கு இதைவிட நுணுக்கமானது. அது முறுக்கை நேரடியாகச் சொல்லாமல், ஒரு குறிப்பிட்ட முறுக்கில் குண்டு எவ்வளவு நிலையாக இருக்கும் என்பதற்கு ஓர் எண்ணைத் தருகிறது. அதை நிலைப்பு எண் என்று வைத்துக்கொள்வோம். 1-க்குக் கீழே வந்தால் குண்டு புரளும். 1-க்கும் 1.3-க்கும் இடையில் வந்தால் ஒரு நாள் சரியாகப் போகும், இன்னொரு நாள் போகாது. 1.4-க்கு மேல் வந்தால் தாளில் குரூப், அதாவது ஒரே குறியில் சுட்ட துளைகளின் கூட்டம், நன்றாக விழும். 1.5-ஐத் தொட்டால்தான் குண்டு தலையாட்டாமல், காற்றின் தடையை வீணாக வாங்கிக்கொள்ளாமல் முழுத் திறனோடு பறக்கும். 300 மீட்டரோ அதற்கு மேலோ சுடுபவர் 1.5-ஐயே குறிக்கோளாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கு இதுதான். குண்டின் எடையைக் கிரெயினில் எடுத்து 30 ஆல் பெருக்குங்கள். அதைக் கீழ்க்காணும் நான்கின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும்: முறுக்கை விட்டத்தால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கம், விட்டத்தின் மும்மடிப் பெருக்கம், நீளத்தை விட்டத்தால் வகுத்து வரும் எண், கடைசியாக அந்த எண்ணின் வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டி வருவது.

.308 விட்டமும் 168 கிரெயின் எடையும் 1.215 அங்குல நீளமும் உள்ள குண்டை 1:12 குழலில் சுடுவதாகக் கொள்வோம். மேலே 30-ஐ 168 ஆல் பெருக்க 5040. கீழே, 12-ஐ 0.308 ஆல் வகுத்தால் 38.96, அதன் வர்க்கம் 1518. 0.308-ஐ மும்முறை பெருக்கினால் 0.0292. நீளத்தை விட்டத்தால் வகுத்தால் 3.945. அதன் வர்க்கத்தோடு 1 கூட்டினால் 16.56. நான்கையும் பெருக்கினால் ஏறத்தாழ 2897. ஆக நிலைப்பு எண் 1.74. இது 2800 அடி வேகத்துக்கு உரியது. வேகம் 2600 அடியானால் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்து 1.70 ஆகும், வேகத்தின் பங்கு அவ்வளவு சிறிது. தாராளமாகப் போதும்.

அதே குழலில் 220 கிரெயின் எடையும் 1.49 அங்குல நீளமும் உள்ள குண்டுக்குப் போட்டுப் பாருங்கள்: 1.26 வரும். 2400 அடி வேகத்தைக் கணக்கில் சேர்த்தால் 1.20. அதாவது ஆபத்தான எல்லை. முறுக்கை 1:10 ஆக மாற்றினால் நிலைப்பு எண் 12-இன் வர்க்கத்துக்கும் 10-இன் வர்க்கத்துக்கும் உள்ள விகிதத்தில், அதாவது 1.44 மடங்கு உயர்ந்து 1.7-ஐத் தாண்டிவிடும். முறுக்கில் செய்யும் சிறு மாற்றம் வர்க்கமாகப் பெருகி வருவதால்தான் 1:9-க்கும் 1:8-க்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஓர் அங்குலம்தானே என்று தள்ளிவிடக் கூடாது.

.30-06 என்ற அமெரிக்கப் படைத் தோட்டாவுக்கான ரைஃபிள்களில் 1:10 முறுக்கு இருப்பதும் இந்த 220 கிரெயின் குண்டால் வந்த மரபுதான். அதற்கு முந்தைய .30-03 தோட்டாவில் இருந்தது 220 கிரெயின் உருண்டை மூக்குக் குண்டு. 1906-இல் 150 கிரெயின் கூர்மூக்குக் குண்டுக்கு மாறியபோதும் முறுக்கை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் படையின் .303 ரைஃபிள் கதையும் இதுவே. 215 கிரெயின் குண்டுக்காக 1:10 என்று இடப்பக்கமாக வெட்டப்பட்ட முறுக்கு, 1910-இல் வந்த 174 கிரெயின் கூர்மூக்குக் குண்டுக்கும் அப்படியே தொடர்ந்தது. அந்தக் குண்டின் மூக்குக்குள் அலுமினியம் வைத்திருந்ததால் அது எடைக்கு மிஞ்சிய நீளம் உடையது. பழைய முறுக்கு அதற்குப் பெரிதும் கைகொடுத்தது. இடப்பக்கமா வலப்பக்கமா என்பதால் நிலைப்பில் எந்த மாற்றமும் இல்லை. நெடுந்தொலைவில் குண்டு எந்தப் பக்கம் சற்றே ஒதுங்கும் என்பதுதான் மாறும்.

கணக்குப் போட விரும்பாதவர்கள் கைக்கொள்ளக்கூடிய பொதுவான அளவுகளைச் சொல்கிறேன். .224 விட்டத்தில் 55 கிரெயின் வரையிலான குட்டைக் குண்டுகளுக்கு 1:12, 69 கிரெயின் வரை 1:9, 75 முதல் 80 வரை 1:8, அதற்கு மேற்பட்ட நீளக் குண்டுகளுக்கு 1:7. ஆறு மில்லிமீட்டரில் 100 கிரெயின் வரை 1:10, 105 கிரெயினை ஒட்டிய போட்டிக் குண்டுகளுக்கு 1:8. ஆறரை மில்லிமீட்டரில் 140 கிரெயினுக்கு 1:8. .308-இல் 175 கிரெயின் வரை 1:12 அல்லது 1:11, அதற்கு மேல் 1:10. இவை வழக்கமான ஈய உள்ளீட்டுக் குண்டுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டு எண்களுக்கு நடுவில் தயங்கினால் வேகமான முறுக்கின் பக்கமே சாயுங்கள். 1955-இல் அமெரிக்காவில் ஒரே விட்டத்தில் இரண்டு தோட்டாக்கள் வந்தன. .243 வின்செஸ்டருக்கு 1:10 முறுக்கு, .244 ரெமிங்டனுக்கு 1:12. 100 கிரெயின் குண்டை விரும்பியவர்கள் எல்லோரும் .243 பக்கம் போய்விட்டார்கள். ரெமிங்டன் நிறுவனம் முறுக்கை 1:9 ஆக்கி, 1963-இல் பெயரையும் மாற்றிக் கொண்டுவந்தும் இழந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு அங்குல முறுக்கு ஒரு நல்ல தோட்டாவின் தலையெழுத்தையே மாற்றியது.

வேகமான முறுக்கிலும் குறை இல்லாமல் இல்லை. எடை மையம் சற்றே விலகிய குண்டு வேகமாகச் சுழன்றால் அந்த விலகல் தாளில் பெரிதாகத் தெரியும். மிக மெல்லிய உறையுள்ள லேசான குண்டுகள் 1:7 குழலிலிருந்து அதிவேகமாகப் புறப்பட்டால் காற்றிலேயே சிதறிவிடுவதும் உண்டு. ஆனால் குறைவான முறுக்கால் வரும் கேட்டோடு ஒப்பிட்டால் இவை சிறியவை.

நம் ஊர்க் காற்றும் கணக்கில் சேரும்

மில்லரின் கணக்கு 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையையும் கடல் மட்டக் காற்றழுத்தத்தையும் அடிப்படையாகக் கொண்டது. நாம் கடற்கரையில் இருப்பதால் அழுத்தத்தில் திருத்தம் தேவையில்லை. வெப்பநிலை வேறு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. குண்டைப் புரட்டும் வலிமை அதற்குக் குறைவு. 35 டிகிரியில் நிலைப்பு எண் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. டிசம்பர் மாத விடியலில் டெல்லியின் கர்ணி சிங் ரேஞ்சில் 5 டிகிரியில் நின்றால் 3.5 சதவீதம் குறைகிறது.

இது ஏன் நமக்கு முக்கியம் என்றால், 77 கிரெயின் எடையும் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமும் உள்ள .224 குண்டு 1:9 குழலில் அடிப்படைக் கணக்கின்படி 1.38 பெறுகிறது. கடலூர் வெயிலில் அது 1.48, ஏறத்தாழ குறிக்கோளைத் தொட்டுவிட்டது, குரூப்பும் அழகாக விழும். அதே ரைஃபிள், அதே தோட்டா, வடக்கே குளிர்காலத்தில் 1.33. இங்கே ஒழுங்காக இருந்தது அங்கே ஏன் சிதறியது என்று தெரியாமல் சுடுபவர் தன் கையையும் மூச்சையும் குற்றம் சொல்லிக்கொண்டு திரும்புவார். 1:8 குழலில் அந்தக் குண்டு 1.75 பெறும், எந்த ஊர்க் குளிரும் அதை அசைக்காது. ஆகவே கடற்கரை வெப்பத்தில் மட்டும் சோதித்துப் பார்த்து ஒரு குழலைப் போதும் என்று முடிவு கட்டாதீர்கள். முன்சொன்ன 1:14 முறுக்கின் தோல்வியும் இதே கணக்குதான்: 55 கிரெயின் குண்டுக்கு அந்த முறுக்கில் நிலைப்பு எண் ஏறத்தாழ 1, உறைகுளிரில் அதன் முக்கால் பங்குதான் மிஞ்சும்.

மலைமேல் நிலைமை எதிர்மாறு. உதகையில் காற்றழுத்தம் குறைவதால் நிலைப்பு எண் ஏறத்தாழ 30 சதவீதம் கூடும்.

கையில் இருக்கும் குழலை அளப்பது

பழைய ரைஃபிளை வாங்கும்போது விற்பவர் சொல்லும் முறுக்கை நம்பாமல் நீங்களே அளந்துகொள்ளுங்கள். குழலும் அறையும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். கைப்பிடி தானாகச் சுழலக்கூடிய துப்புரவுக் கம்பியில் இறுக்கமாகத் துணியைச் சுற்றிக் குழலுக்குள் தள்ளுங்கள். துணி புரியைப் பற்றிக்கொண்டதும் கம்பியின் மேற்புறத்தில் ஒரு கோடும், குழலின் பின்முனையை ஒட்டி ஒரு நாடாவும் இடுங்கள். பிறகு மெல்ல இழுங்கள். கோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மீண்டும் மேலே வரும்போது நிறுத்தி, நாடாவுக்கும் குழலுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் அதுவே முறுக்கு. குழல் குட்டையாக இருந்தால் அரைச் சுற்றுக்கு அளந்து இரண்டால் பெருக்கலாம்.

நான் முதன்முதலில் ஒரு .30-06 ரைஃபிளை இப்படி அளந்தபோது 12 அங்குலம் வந்தது. அதை நம்பிக் கணக்கெல்லாம் போட்டு, நீளக் குண்டுள்ள தோட்டாக்கள் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தேன். ஒரு மாதம் கழித்து மீண்டும் அளந்தபோது 10 வந்தது. காரணம் எண்ணெய். உப்புக்காற்றில் துரு ஏறிவிடும் என்ற பயத்தில் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் குழலுக்குள் எண்ணெயைத் தாராளமாகவே பூசி வைக்கிறோம். எண்ணெய் பூசிய குழலில் துணி வழுக்கும். வழுக்கினால் கம்பி முழுமையாகச் சுற்றாது. ஆகவே முறுக்கு உள்ளதை விட மெதுவானதாகத் தோன்றும். அளக்கும் முன் குழலை நன்கு துடைத்து உலர்த்துங்கள். துணியைப் புதிதாக மாற்றி மூன்று முறையாவது அளந்து, மூன்றும் ஒன்றுபோல் வருகிறதா என்று பாருங்கள். வேறுபட்டால் மிகச் சிறிய எண்ணே உண்மைக்கு அருகில் இருக்கும். அளந்து முடித்ததும் மறவாமல் எண்ணெய் பூசிவிடுங்கள்.

அளந்ததில் முறுக்கு பொருந்தவில்லை என்று தெரிந்தால் தோட்டாவை மாற்றுவதே எளிய வழி. குழலை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் அனுமதிக்கும் வழியில், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம், உரிமம் வழங்கிய அலுவலகத்தைக் கேட்டுக்கொண்ட பிறகே செய்ய வேண்டும். நமக்குத் தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துக் குழலில் கை வைப்பது குற்றம். நம் பகுதிக்கே உரிய இன்னொரு கவனமும் உண்டு. கடலூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகிறவர் முள்ளோடையில் புதுச்சேரிக்குள் நுழைந்து, காலாப்பட்டுக்கு அப்பால் மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறார். ரைஃபிளோடு அந்த வழியில் போகுமுன் உரிமத்தின் செல்லுபடி எல்லை இரண்டு பகுதிகளையும் உள்ளடக்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளில் சோதித்தல்

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கடைசிச் சொல் தாளுக்கே உரியது. புதிய டார்கெட் தாளை மொடமொடப்பான அட்டையில் சுருக்கமின்றி ஒட்டுங்கள். தளர்ந்த தாளில் துளையின் ஓரம் கிழிந்து ஏமாற்றும். .22 என்றால் 50 மீட்டரிலும், பெரிய ரைஃபிள் என்றால் 100 மீட்டரிலும் தாங்கியின் மேல் ரைஃபிளை வைத்து ஐந்து குண்டுகள் வீதம் மூன்று குரூப் சுடுங்கள். துளைகளைக் குனிந்து உற்றுப் பாருங்கள். வட்டமாக, ஓரத்தில் ஒரே அளவான கரும் வளையத்தோடு இருந்தால் குண்டு நேராக வந்திருக்கிறது. ஒரு பக்கம் நீண்டு முட்டை வடிவில் இருந்தால் தலையாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சாவித்துளை போல நீளவாக்கில் இருந்தால் புரண்டே விட்டது. அந்தத் தோட்டாவை அந்தக் குழலில் மேற்கொண்டு சுடாதீர்கள். புரளும் குண்டு எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரேஞ்சில் உள்ள மற்றவர்களின் பாதுகாப்பைத் தொட்ட செய்தி இது.

துளை வட்டமாக இருந்தும் குரூப் அகன்றிருந்தால் உடனே முறுக்கின் மேல் பழி போட வேண்டாம். குழல் வாயின் விளிம்பு அடிபட்டிருக்கலாம், பார்வைக்கருவியின் திருகு தளர்ந்திருக்கலாம், ஈயம் படிந்திருக்கலாம். முறுக்கின் குறை பெரும்பாலும் துளையின் வடிவத்தில்தான் முதலில் தெரியும்.

இந்தச் சோதனைக்கு நாள் பார்ப்பதும் நல்லது. சித்திரை மாதத்து நண்பகலில், 37 டிகிரியில் சுட்டால் காற்று உங்களுக்கு உதவி செய்கிறது. மார்கழி விடியலில் நம் கடற்கரையில் 21 டிகிரி வரை இறங்கும்போது நிலைப்பு எண் அதைவிட ஏறத்தாழ 5 சதவீதம் குறைவாக இருக்கும். எனவே எல்லைக்கு அருகில் இருக்கும் தோட்டாவை மார்கழியில் ரேஞ்ச் திறந்ததும் முதல் ஆளாகப் போய்ச் சுட்டுப் பாருங்கள். தாளின் ஓரத்தில் தேதி, வெப்பநிலை, தோட்டாவின் வகை, முறுக்கு நான்கையும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பெட்டித் தோட்டா வாங்கும்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.